இரக்கத்தின் விலையை ஏழை மட்டுமா தருவது?

கரைத்தீவு என்றவுடன் நம்மவருட் பலருக்கு வேறோர் ஊர் நினைவுக்கு வரும். சுவாமி விபுலானந்தரைத் தந்த காரைதீவு கிழக்குக் கரையில் இருக்கின்றது. காரைதீவு என்ற பழைய பெயரை விட்டுக் காரைநகர் ஆகிவிட்ட ஊர் யாழ்ப்பாணத்தை அடுத்து இருக்கின்றது. நாம் இன்று பேசப்போவது அவ்விரண்டையும் பற்றியன்று. புத்தளம் நகருக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பிரிவிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வில்பத்துக் காடும் நெருக்க, வலையையும் கருவாட்டையும் நம்பி வாழ்கின்ற மேலைக் கரையின் கரைத்தீவைப் பற்றியே பேசப்போகின்றோம். பெயரிலே தீவு, ஆட்சியாளரின் கவனிப்பிலும் தீவு!

அத்தகைய கரையூரிலே நாதியற்ற பூனைகள் படும் பாட்டையும், அவற்றை எடுத்துக் காப்பாற்றும் ஏழை மக்கள் படும் பாட்டையும் எழுதத் துணிந்திருக்கின்றோம். "நாட்டிலே எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, பூனைப் பிரச்சினையா பெரிது? அரசியல் வார இதழ் எழுதவேண்டிய பொருளா இது?" என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். அவர்களுக்கு எம்முடைய விடை ஒன்றே. எந்தச் செலவை யார் சுமப்பது என்பதுதான் அரசியல். ஊருக்கெல்லாம் பயன்தரும் ஒரு வேலையின் செலவு முழுவதையும், அவ்வூரிலேயே மிக எளியவளின் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்தெடுப்பது நீதியா என்று கேட்பதும் அரசியல்தான். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவது கோழைத்தனம்.

சாக்கிலே வரும் குட்டிகள்

மீன் இறங்கும் கரையிலே பூனை கூடும். குடலும் செதிலும் கழித்தெறிந்த மீனும் நாள்தோறும் விழுகின்ற வாடியிலே பூனை பெருகுவதில் வியப்பில்லை. ஆனால், கரையோரப் பூனைகள் யாவும் கரையிலேயே பிறந்தவை அல்ல. மதில் கட்டிய வீடுகளிலே பிறந்த குட்டிகளும் அங்கே வந்து சேருகின்றன. எப்படி வருகின்றன? சாக்கிலே வருகின்றன! வீட்டுப் பூனை ஈன்ற குட்டிகளை வளர்க்க மனமில்லை, கொல்லத் துணிவுமில்லை. இரவோடிரவாகச் சாக்கிலே கட்டி மீன் சந்தையின் ஓரத்திலோ, பள்ளிவாசல் முன்றலிலோ, கோயில் மடத்திலோ, கடற்கரை வாடியிலோ விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுகின்றார்கள். "அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்பது விட்டவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

பிழைத்துக்கொள்கின்றனவா? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே, வீடற்றுத் திரியும் பூனைகளின் குட்டிகள் 169ஐத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2004இல் வெளியாயிற்று. ஆறு மாதம் நிறையுமுன்னே 127 குட்டிகள் இறந்துபோயின அல்லது காணாமற் போயின. நாலில் மூன்று! செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே கதி இதுவாயின், வெயில் எரிக்கும் நம் மணற்கரையிலே என்ன கதியாகும் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

அந்த நாலிலே ஒன்றை எடுத்து வளர்ப்பவள் யார்? சாக்கைக் கட்டிய சீமானா? இல்லை. கருவாடு காயவைத்துக் கூலி வாங்கும் பெண். வலை பொத்தும் கிழவன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியிலே கண்திறவாத குட்டியைச் சட்டைக்குள் பொத்தி எடுத்து வரும் சிறுவன். தம் சோற்றிலே ஒரு பிடியைப் பிசைந்து வைப்பவர் இவர்களே. 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிலே பல்லாயிரவர் இந்தப் புத்தளத்துக் கரையிலேதான் ஓலைக் குடிசை போட்டு ஒதுங்கினார்கள். கைவிடப்படுவது எத்தகைய துயரம் என்பதை இக்கரைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் சோறு போட்டால் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் கணக்கு வருகின்றது.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு பெட்டைப் பூனை நாலு முதல் ஆறு மாத வயதிலேயே சினைப்படக் கூடியது. அதன் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். ஓர் ஈற்றுக்கு நாலு குட்டி என்பது பொதுவான அளவு. முன் ஈன்ற குட்டிகள் பால் குடித்துக் கொண்டிருக்கும்போதே அது மீண்டும் சினைப்படுவதுண்டு. ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்று எளிதில் நிகழும். இரக்கப்பட்டு ஒரு பூனைக்குச் சோறிட்டவள் அடுத்த ஆண்டு பத்துப் பூனைக்குச் சோறிட வேண்டியவள் ஆகின்றாள். உணவு கிடைப்பதால் குட்டிகள் பிழைக்கின்றன. பிழைப்பதால் அவையும் ஈனுகின்றன. அறுவை இல்லாத இரக்கம் தானே தன்னைத் தோற்கடித்துக் கொள்கின்றது.

இதற்கு மருத்துவம் கண்ட வழி கருத்தடைச் சத்திரசிகிச்சை. பெட்டைக்குச் சூலகமும் கருப்பையும், கடுவனுக்கு விதைகளும் மயக்க மருந்தின் கீழ் அகற்றப்படுகின்றன. கைதேர்ந்த மிருக வைத்தியருக்கு இது நெடுநேர வேலையன்று. அதே மயக்கத்திலேயே விசர்நோய்த் தடுப்பூசியையும் போட்டுவிடலாம். அறுவை முடிந்த பூனையை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கீறாதிருக்கக் காது நுனியைச் சிறிதளவு கத்தரித்து அடையாளமிடுவது உலகெங்கும் வழக்கம். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். பூனை தன் எல்லையைக் காத்துக்கொண்டு வாழும். குட்டி மட்டும் போடாது.

வழி இருக்கின்றது, வழிச்செலவு இல்லை! தனியார் மருத்துவ நிலையத்திலே ஒரு பெட்டைப் பூனைக்கு அறுவையும் மருந்தும் போக்குவரத்தும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபா ஆகின்றதென்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். 2025 ஏப்ரில் தொடக்கம் நடைமுறைக்கு வந்த தேசியக் குறைந்தபட்ச நாட்கூலி அவ்வாண்டிலே 1,080 ரூபாவாக இருந்தது. அந்தக் கூலிக் கணக்கிலே ஒரு பூனைக்கு ஒன்பது நாட்கூலிக்கு மேல்! வாடியிலே நாலு பூனை இருந்தால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கூலி! அந்த மாதம் அவள் பிள்ளைகள் எதை உண்பது? வைத்தியர் கொள்ளையடிக்கின்றார் என்று நாம் சொல்லவில்லை. மயக்க மருந்தும் தையல் நூலும் பெரும்பாலும் கடல் கடந்து வருபவை. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டிவிட்டது. அந்த விலை மருந்துப் போத்தலின் மீதும் ஏறத்தானே செய்யும்?

அதே 2022 ஆகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. வள்ளத்துக்கு ஊற்ற எண்ணெயின்றிக் கரையிலே குந்தியிருந்த மீனவனின் குடும்பத்தைப் பார்த்து, "நீ வளர்க்கும் பூனைக்கு நீயே அறுவை செய்வி, இல்லாவிட்டால் வளர்க்காதே" என்று உபதேசிப்பது எளிது. உபதேசிப்பவர் வீட்டுக் குட்டிதான் அவன் வாசலிலே கிடக்கின்றது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது!

நாய்க்கு ஒரு நீதி, பூனைக்கு ஒரு நீதி

அரசாங்கம் இத்துறையிலே ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கின்றது. உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வோம். விசர்நோய்க்கென்று இந்நாட்டிலே 1893இலேயே கட்டளைச்சட்டம் பிறந்தது. நாய்களைப் பதிவுசெய்ய 1901இல் இன்னொரு சட்டம் வந்தது. 1973இலே ஓராண்டில் 377 பேரை விசர்நோய் கொண்டுபோயிற்று. தடுப்பூசியாலும் இலவச மருத்துவத்தாலும் அந்தத் தொகை அண்மை ஆண்டுகளிலே இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கின்றது. இது நம் சுகாதாரத் துறையின் அரிய வெற்றி. தெருநாய்களைக் கொல்வது 2006இலே கைவிடப்பட்டு, பின்னர் கருத்தடையும் தடுப்பூசியும் அரசின் வழியாயின. நல்லதுதான். வரவேற்கின்றோம்.

ஆயின், இந்நாட்டிலே விசர்நோயைப் பரப்பும் விலங்குகளிலே நாய்க்கு அடுத்த இடம் பூனைக்கே என்பதை மருத்துவர் அறிவர். பூனை கீறினாலும் கடித்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்றோம். அரசு இலவசமாக ஊசி போடுகின்றது. கடிபட்ட பின் ஊசிக்குச் செலவிடத் தயங்காத கருவூலம், கடிக்கும் பூனை பெருகாமலிருக்க ஓர் அறுவைக்குச் செலவிடத் தயங்குவது என்ன பொருளாதாரம்? வெள்ளம் வந்தபின் தோணி வாங்கப் பணமுண்டு. அணையிலே மண்போடப் பணமில்லை என்பது போலல்லவா இருக்கின்றது! முகாம்கள் நடக்கும்போது பூனையையும் ஏற்றுக்கொள்ளும் நல்ல மனம் படைத்த வைத்தியர்கள் ஆங்காங்கே உள்ளனர். அது அவர்தம் பெருந்தன்மை, மக்களின் உரிமையன்று. பெருந்தன்மையை நம்பி ஒரு கொள்கையை நடத்த முடியாது.

சட்டத்தின் நிலையைப் பாருங்கள். விலங்கு வதையைத் தடுக்க இந்நாடு நம்பியிருப்பது 1907ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். அதிலே எழுதிய உச்சத் தண்டம் 100 ரூபா. வெள்ளைக்காரன் காலத்து நூறு ரூபா! இன்று அதைக் கொண்டு ஒருவேளைச் சோற்றுப் பொதி வாங்குவதே கடினம். சாக்கிலே குட்டியைக் கட்டி எறிபவன் இந்தத் தண்டத்துக்கு அஞ்சுவானா? புதிய விலங்கு நலச் சட்டத்தைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. 2016இல் அமைச்சரவை தலையசைத்தது. 2025இலும் அது வரைவாகவே கிடந்தது. அரசாங்கங்கள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், கோப்பு மட்டும் அசையவில்லை.

உள்ளூரிலே கேட்கலாம் என்றால், கேட்பதற்கு ஆள் இருந்ததா? 2023 மார்ச்சிலே உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. 2025 மே மாதத்திலேதான் தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதி இல்லாத பிரதேச சபைகள்! வடமேல் மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்தது. 2025ஆம் ஆண்டு கழிந்தும் தேர்தல் வரவில்லை. மாகாணத்திலே பிரதிநிதி இல்லை. தலைநகரிலே நினைவு இல்லை. கரைத்தீவுக் கரையிலே வைத்தியர் இல்லை. இல்லை, இல்லை என்பதே ஆட்சியாகிவிட்டது!

மறுப்போருக்கு மறுமொழி

"மனிதருக்கே மருந்தில்லாத நாட்டிலே பூனைக்கு அறுவையா?" என்பது முதல் மறுப்பு. 2022இலே ஆஸ்பத்திரிகளிலே மருந்து இல்லாது போனதை நாமும் மறக்கவில்லை. ஆனால் அந்த மருந்தைப் பூனையா தின்றது? கருவூலத்தை வெறுமையாக்கியவர் யார் என்பதை நாடு அறியும். மேலும், பூனைக் கருத்தடை என்பது மனிதரின் பங்கைப் பறித்துப் பூனைக்கு ஊட்டுவதன்று. விசர்நோய் அச்சம் குறைவதும், கீறலும் கடியும் குறைவதும், காயும் கருவாடு காக்கப்படுவதும், குடிசையைச் சுற்றிய அசுத்தம் குறைவதும் மனிதருக்கே வரும் நலன்கள்.

"அறுவை செய்த பூனை சோம்பிக் கிடக்கும், எலி பிடிக்காது" என்பது கமக்காரர் சிலர் சொல்லும் மறுப்பு. இது தவறான எண்ணம். வேட்டையாடுவது பூனையின் பிறவிக் குணம்; கருப்பையோடு போய்விடுவதன்று. குட்டி ஈன்று ஈன்று எலும்பாய்த் தேய்ந்த பூனையைவிட, உடல் தேறிய பூனை நெற்பட்டறையிலும் தேங்காய்க் கொட்டிலிலும் நெடுநாள் காவலிருக்கும். 2008இலே எலிக்காய்ச்சல் 7,000க்கு மேற்பட்டோரைப் பிடித்தாட்டியபோது, வயலிலே கால்வைக்க அஞ்சிய கமக்காரருக்கு எலியின் கேட்டைப் பற்றி நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பூனை மட்டுமே எலியை ஒழித்துவிடும் என்றும் சொல்லமாட்டோம். அளவோடு இருக்கும் ஆரோக்கியமான பூனை ஊருக்குத் துணை. அளவின்றிப் பெருகும் பிணிப்பூனை ஊருக்குச் சுமை என்பதே எம் கட்சி.

"மார்க்கம் இதற்கு இடந்தருமா?" என்று சிலர் மெய்யாகவே தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தை நாம் எள்ளவில்லை. பூனைக்கு இஸ்லாம் தந்திருக்கும் இடம் பெரிது. நபிகள் நாயகத்தின் தோழர் அபூஹுரைரா அவர்களுக்குப் பெயரே பூனைக்குட்டியால் வந்தது. பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு உரியவளானாள் என்ற நபிமொழியைக் கரையூர்க் குழந்தையும் அறியும். கருத்தடையைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீங்கைத் தடுக்கும் நோக்குடன், வதையின்றிச் செய்வது ஆகுமென்று கூறும் அறிஞர் பலருளர். ஊர் உலமாக்களை அழைத்து, மிருக வைத்தியரையும் பக்கத்தில் அமர்த்திப் பேசவைத்தால் தயக்கம் தெளியும். நூறு குட்டி பிறந்து எழுபத்தைந்து சாவதைப் பார்த்திருப்பது இரக்கமா, பிறவாமற் காப்பது இரக்கமா என்ற கேள்வி எல்லாச் சமயத்தாருக்கும் பொது.

"இத்தனை தொல்லை எதற்கு? கொன்றுவிட்டால் முடிந்தது!" என்பது இறுதி மறுப்பு. இதற்கு விடையாக ஒரு தீவின் கதையைச் சொல்லவேண்டும்.

இரண்டு தீவுகள், ஒரு நகர்

தென்னாபிரிக்காவுக்குத் தெற்கே, குளிர்ந்த பெருங்கடலிலே மரியன் என்றொரு தீவு. அங்குள்ள வானிலை நிலையத்தார் சுண்டெலித் தொல்லைக்காக 1949இலே ஐந்து பூனைகளைக் கொண்டு சென்றனர். ஐந்தே ஐந்து! 1977இலே அவை ஏறத்தாழ 3,400 ஆகியிருந்தன. கடற்பறவைகளை அவை கொன்று குவித்தன. அவ்வாண்டு நோய்க் கிருமியை ஏவினார்கள், பின்னர் துப்பாக்கி ஏந்தி இரவிரவாக வேட்டையாடினார்கள், பொறி வைத்தார்கள், நஞ்சு வைத்தார்கள். 1991இலேதான் கடைசிப் பூனை ஒழிந்தது. மக்கள் குடியிருப்பு இல்லாத தீவிலே, அரசின் முழுப் பலத்தோடு, பதினாலு ஆண்டு! பூனை போனபின் சுண்டெலி தலையெடுத்தது. இன்று அந்தச் சுண்டெலிகள் கடற்பறவைகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. மக்கள் வாழும் கரையூரிலே, நாளுக்கொரு சாக்கு வந்து இறங்கும் இடத்திலே, கொலையால் முடிவு காண்பேன் என்பவன் கடலைக் கிண்ணத்தால் இறைக்கப் புறப்பட்டவன். பத்தைக் கொன்றால், கிடக்கும் மீன்கழிவுக்குப் புதிதாகப் பத்து வரும்.

இன்னொரு தீவு சைப்பிரஸ். 9,500 ஆண்டுக்கு முன்னே மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்பு அங்கேதான் கிடைத்தது. 2004இலே உலகம் அதை அறிந்தது. அத்தீவின் மக்கள் ஏறத்தாழ பத்து இலட்சம். பூனைகளும் அவ்வளவு என்று சொல்லப்படுகின்றது. 2023இலே கொடிய தொற்றொன்று பூனைகளை வாட்டியபோது, கொவிட் நோயாளருக்கென்று வாங்கிவைத்த மருந்திலே மிஞ்சியதைப் பூனைக்குக் கொடுக்க அவ்வரசாங்கம் இசைந்தது. ஆண்டுக்கு ஓரிலட்சம் யூரோ செலவிலே ஏறத்தாழ 2,000 பூனைகளுக்கு அரசே கருத்தடை செய்து வந்தது. அது போதாது என்ற குரல் எழுந்தபோது, 2025 ஒக்டோபரிலே அத்தொகையை மூன்றிலட்சமாக உயர்த்துவதாக அமைச்சர் அறிவித்தார். பணம் மட்டும் போதாது, ஒழுங்கான திட்டமும் வேண்டுமென்று அங்குள்ளோர் இன்னும் வாதாடுகின்றனர். வாதம் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியே. யார் செலவிடுவது என்பதைப் பற்றியன்று. அந்தக் கேள்விக்கு அங்கே விடை எழுதியாகிவிட்டது: அரசு!

சைப்பிரஸ் பணமுள்ள நாடு என்பீர். சரி, பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள சென்னையைப் பாருங்கள். 1959இலே அங்கே தோன்றிய புளூ குறொஸ் என்ற சங்கம், தெருநாய்களைக் கொல்வதால் நாயும் குறையாது நோயும் குறையாது என்று கண்டு, 1964இலேயே கருத்தடையைக் கையிலெடுத்து மாநகராட்சியிடம் வாதாடியது. மாநகராட்சி இணங்கியது எப்போது? 1996இல்! முப்பத்திரண்டு ஆண்டு கழித்து! அதற்கிடையிலே எத்தனை ஆயிரம் உயிர்கள், எத்தனை இலட்சம் ரூபா, எத்தனை மனித மரணங்கள்! தனியார் சங்கம் பாதை காட்டும். ஆனால் பொதுப்பணம் இறங்கினாலன்றிப் பாதை வீதியாகாது. கரைத்தீவுக்கும் நாம் முப்பத்திரண்டு ஆண்டு காத்திருப்பதா?

காட்டின் வாசலிலே

கரைத்தீவுக்கென்றே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்லவேண்டும். அவ்வூர் வில்பத்துக் காட்டின் வாசலிலே இருக்கின்றது. சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை என்று இலங்கையிலே இயற்கையாக வாழும் பூனையினம் நாலு. அவற்றிலே துருப்புள்ளிப் பூனை உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்று. இந்தியா, நேபாளம், இலங்கை என்ற மூன்று நாட்டிலே மட்டும் வாழ்வது. வில்பத்தின் வில்லுகளும் சதுப்புகளும் 2013இலே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலே ஏறின. வாடியிலே அளவின்றிப் பெருகும் நாட்டுப்பூனை உணவு போதாதபோது காட்டோரம் போகின்றது. தடுப்பூசி காணாத அதன் நோய்கள் காட்டு இனத்துக்குத் தாவக் கூடியவை. காட்டுப்பூனையோடு அது கலந்து ஈனவும் கூடும். கரையிலே வந்திறங்கும் பறவைகளும் அதற்கு இரையாகின்றன. சிறுத்தையைப் பார்க்க வரும் உல்லாசப் பயணியிடம் அரசு நுழைவுக் கட்டணம் வாங்குகின்றதே, அந்தக் காட்டின் வேலியோரத்தைக் காக்கச் சில்லறையாவது திரும்பி வரவேண்டாமா?

2025 மார்ச்சு 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு, பயிரழிக்கும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் ஐந்து நிமிடத்திலே எண்ணித் தருமாறு நாடு முழுவதையும் அரசாங்கம் வெளியே நிறுத்தியது. கமக்காரர் எண்ணிக் கொடுத்தார்கள். விலங்கை எண்ணத் தெரிந்த அரசு, அதன் பெருக்கத்தை அறிவோடு கட்டுப்படுத்தவும் தெரிந்துகொள்ள வேண்டும். எளிதான பூனையிலே தொடங்கட்டும். குரங்குக்குப் பிறகு வரலாம்!

நாம் கேட்பது

கூச்சலிடுவது எம் நோக்கமன்று. கேட்பதைத் தெளிவாகக் கேட்கின்றோம்.

ஒன்று: விசர்நோய் ஒழிப்புக்கென ஒதுக்கும் பணத்திலே நாய்க்கு உள்ள இடம் பூனைக்கும் எழுத்திலே இருக்கவேண்டும். வைத்தியரின் தயவாக அன்று, திட்டத்தின் பகுதியாக.

இரண்டு: நடமாடும் சத்திரசிகிச்சை முகாம் ஆண்டுக்கு நாலு முறையாவது கரைத்தீவு, சேரக்குளி போன்ற கரையூர்களுக்கு வரவேண்டும். ஏழைப் பெண் பூனையைக் கூடையிலே கட்டிக்கொண்டு பஸ் ஏறி நகருக்கு அலைவதைவிட, ஒரு வைத்தியரும் இரண்டு உதவியாளரும் ஊருக்கு வருவது மலிவு. பள்ளிக்கூட மண்டபமும் நல்ல வெளிச்சமும் தண்ணீரும் ஊரார் தருவர். முப்பது பூனைக்கு ஒரேநாளில் செய்யும்போது தலைக்கு விழும் செலவு தானே இறங்கும்.

மூன்று: பிரதேச சபை தன் வரவு செலவுத் திட்டத்திலே இதற்கென ஒரு தலைப்பைத் திறக்கவேண்டும். மீன் வாடி முதலாளிகளும் இறால் பண்ணையாரும் உப்பள உரிமையாளரும் அதற்கு ஒரு பங்கு தரட்டும். கழிவைக் கரையிலே கொட்டிப் பூனையைக் கூட்டுவதிலே பங்கு கொண்டோர், செலவிலும் பங்கு கொள்வது முறை. கழிவை மூடிய தொட்டியிலே சேர்ப்பதும் சபையின் கடமை. அதைச் செய்யாமல் அறுவை மட்டும் செய்வது ஓட்டைக் குடத்திலே நீர் நிரப்புவது.

நாலு: விலங்கு நலச் சட்டத்தை நிறைவேற்றுக! குட்டிகளைக் கொண்டுபோய் எறிவது குற்றமென்று அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லட்டும்; தண்டம் நூறு ரூபாவாக இராதிருக்கட்டும்.

ஆட்சியாளரிடம் கேட்டதோடு எம் கடமை முடிந்ததென்று கருதவில்லை. கற்றோரே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். மிருக வைத்தியரை உருவாக்கும் பீடம் பேராதனையிலே இருக்கின்றது. அங்கே படிப்பு இலவசம். அந்த இலவசத்துக்கு வரி கொடுத்தவர்களிலே கரைத்தீவின் கருவாட்டுக்காரியும் ஒருத்தி. 2024 யனவரியிலே 15 வீதத்திலிருந்து 18 வீதமாக ஏறிய பெறுமதிசேர் வரியை அவளும் கொடுக்கின்றாள். அவள் பணத்திலே படித்த கை, மாதத்திலே ஒருநாள் அவள் பூனைக்காக அசையக் கூடாதா? சட்டத்தரணிகள் மனு எழுதட்டும். ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லட்டும். கமக்காரர் சங்கமும் மீனவர் சங்கமும் பெட்டைப் பூனைகளுக்கு முதலிடம் என்று பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு முகாமை அழைக்கட்டும். யாவற்றுக்கும் மேலாக, வசதியுள்ளோர் தத்தம் வீட்டுப் பூனைக்குத் தத்தம் செலவிலே அறுவை செய்வித்துச் சாக்குக் கட்டுவதை இன்றோடு நிறுத்தட்டும்! அவர்கள் அதைச் செய்தாலே கரையூரின் சுமையிலே ஒரு பகுதி இறங்கிவிடும்.

கரைத்தீவின் ஏழை மக்கள் எவரும் பணியாமலே, எவரும் கூலி தராமலே, இந்நாட்டின் ஒரு பொதுப்பணியைச் செய்து வருகின்றனர். பசித்த உயிருக்குச் சோறிடுகின்றனர். நோயுற்றதை மடியிலே கிடத்துகின்றனர். அவர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டியதில்லை, கணக்குத் தீர்க்கவேண்டும். இரக்கம் அவர்களுடையதாக இருக்கட்டும். அது அவர்களின் பெருமை. செலவு எல்லாருடையதாகட்டும்; அதுவே நீதி.